நடைமேடையில் ஒரு முறுக்குக் கூடை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், திருச்சிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட ஒரு சிறிய ரயில் நிலையத்தில் 40 ஆண்டுகளுக்கு மேலாக முறுக்கு விற்றுவரும் பெரியவர் ஒருவரைப் பற்றி, வேறொரு கேள்விக்கான பதிலின் நடுவே நான்கு வரிகள் எழுதியிருந்தேன். மற்றக் கேள்விகள் அனைத்துக்கும் வந்த கடிதங்களைக் கூட்டினாலும் அந்த நான்கு வரிகளுக்கு வந்தவையே அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருடைய தொழிலுக்கே ஒதுக்கிவிட்டேன். பெரியவரின் பெயரையும் ஊரையும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பது முதல் பதிலிலேயே விளங்கும்.

கேள்வி: நடைமேடையில் கூடையோடு விற்பவர்களைக் காவலர்கள் விரட்டுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். தெருவோர வணிகர்களைப் பாதுகாக்க 2014-இல் மைய அரசு சட்டம் கொண்டுவந்ததே, 40 ஆண்டுகளாக ஒரே இடத்தில் விற்பவருக்கு அது உதவாதா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உதவாது. அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, ரயில்வேக்குச் சொந்தமான நிலம், கட்டடம், வண்டி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். நகர விற்பனைக் குழு, அதில் வணிகர்களுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்ற காப்பு, விற்பனைச் சான்றிதழ் ஆகிய நல்ல ஏற்பாடுகள் எல்லாம் நிலைய வாசலில் நிற்கும் ரயில்வே எல்லைக்கல் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. கல்லுக்கு இந்தப் பக்கம் சுண்டல் விற்பவர் சட்டத்தின் கண்ணில் வணிகர். பத்தடி தள்ளி அந்தப் பக்கம் நின்றால் அவரே குற்றவாளி.

'குற்றவாளி' என்ற சொல்லை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 144-ஆம் பிரிவு, ரயில்வே நிர்வாகத்தின் உரிமம் இல்லாமல் வண்டியிலோ நிலையத்திலோ பொருள் விற்பதைத் தண்டனைக்குரியது என்கிறது. அந்தச் சட்டம் வகுத்த தண்டனை ஓராண்டு வரையிலான சிறை, அல்லது 2,000 ரூபாய் வரையிலான அபராதம், அல்லது இரண்டும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு பிச்சையெடுப்பதைப் பற்றியது. உழைத்து விற்பவரையும் கையேந்துபவரையும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வைத்த அந்தச் சட்ட வரைவாளர் ஒருநாளாவது பொதுப்பெட்டியில் பசியோடு பயணம் செய்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிலையங்களில் உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துகிறார்கள். அவர்களுடைய ஆட்கள் அடையாள அட்டை அணிய வேண்டும், மருத்துவத் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் செய்தவரின் கடைக்கு முன்னால் ஒருவர் எதுவும் செலுத்தாமல் கூடையை இறக்கிவைத்தால், அவர் முறையிடுவதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், அந்த உரிமத்துக்கான கட்டணமும் விண்ணப்ப நடைமுறையும் ஒற்றைக் கூடைக்காரரை மனத்தில் வைத்து அமைந்தவையாகத் தெரியவில்லை. பெரியவர் இத்தனை ஆண்டுகளில் மூன்று முறை அபராதம் கட்டியிருக்கிறார். அந்த ரசீதுகளை வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். "இந்த நடைமேடையில நான் இருந்தேங்கிறதுக்கு வேற என்ன சாட்சி இருக்கு, தம்பி?" என்று கேட்டார். அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்பதற்கும் அந்த ரசீதுகள்தான் விடை.

கேள்வி: முறுக்கு எல்லா ஊரிலும் சுடுகிறார்கள். மணப்பாறைக்கு மட்டும் அந்தப் பெயர் எப்படி வந்தது? தண்ணீர்தான் காரணம் என்பது உண்மையா?
— வாசகி, புதுக்கோட்டை

பதில்: காரணம் தண்ணீர்தான், ஆனால் மாவில் ஊற்றிய தண்ணீரைவிட எஞ்சினில் ஊற்றிய தண்ணீருக்கே அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

நீராவி எஞ்சினில் கொதிகலனின் நீர் ஆவியாகி, உருளையைத் தள்ளி, புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். போன நீர் திரும்பி வராது. எனவே வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் வண்டியை நிறுத்தித் தொட்டியை நிரப்பியாக வேண்டும். திருச்சி–திண்டுக்கல் பாதையில் அப்படி வண்டிகள் நின்ற இடம் மணப்பாறை என்று ஊரில் சொல்லிவருகிறார்கள். தண்ணீர் நிரம்பும் வரை பயணிகளுக்கு வேறு வேலையில்லை. கீழே இறங்குவார்கள், சோம்பல் முறிப்பார்கள், பிள்ளைகள் எதையாவது கேட்டு அழுவார்கள். அந்த நேரத்தில் எதிரே வரும் தின்பண்டம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டு வேண்டாததாக, ஒழுகாததாக, ஒரு கையால் உண்ணக்கூடியதாக, பாதி தின்று மீதியை மடித்து வைத்தால் சென்னையோ திருநெல்வேலியோ போய்ச் சேரும் வரை கெடாததாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்துவது முறுக்கு. வாங்கியவர் அதை ஊருக்கு எடுத்துப் போனார்; உறவினர் வீட்டில் பிரித்து வைத்தபோது "எங்கே வாங்கியது?" என்ற கேள்வி வந்தது, விடையாக ஊர்ப்பெயரும் முறுக்கோடு ஒட்டிக்கொண்டது. நடைமேடையில் முதலில் விற்கத் தொடங்கியவராக மணி ஐயர் என்பவரின் பெயரை ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

மாவில் ஊற்றும் தண்ணீரையும் நான் தள்ளிவிடவில்லை. மணப்பாறைப் பக்கத்து நிலத்தடி நீரில் இயல்பாகவே லேசான உவர்ப்பு உண்டு, அதுவே சுவைக்குக் காரணம் என்று அங்கே முறுக்குச் சுடுபவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மாவு பிசையச் சேரும் நீர் கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி எண்ணெயில் ஆவியாகிவிடுகிறது. ஆயினும் அந்த நீரில் கரைந்திருந்த உப்புகள் மாவைவிட்டுப் போவதில்லை. ஆகவே தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் இரண்டு முறை பொரிப்பது அதைவிடத் தெளிவான காரணம். அதைப் பற்றித் தனிக் கேள்வி வந்திருக்கிறது.

வண்டி நிற்கும் காரணமே ஊரின் பலகாரத்தை உருவாக்கியதற்கு மணப்பாறை ஒன்றே சான்று என்று நினைக்க வேண்டாம். மும்பை–புனே பாதையில் கர்ஜத் என்றொரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 'போர்' எனப்படும் கணவாயில் மலையேற வேண்டும் என்பதால், வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டுவார்கள். பூட்டும் வரை நிற்கும் வண்டியில் உருளைக்கிழங்கு வடை விற்று அந்த ஊர் பெயர் பெற்றது. பெங்களூரு–மைசூரு பாதையில் உள்ள மத்தூரின் வடைக்கும் நிலையமே பிறப்பிடம். 1917-இல் அங்கே பலகாரம் விற்றுவந்த ஒருவர், வண்டி எதிர்பாராமல் முன்னதாக வந்துவிட்டதால் மாவை உருட்ட நேரமின்றித் தட்டையாகத் தட்டிப் போட்டார் என்பது அங்கு வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, தட்டையான வடை விரைவில் வேகும் என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். நம் தெற்குப் பாதையில் கோவில்பட்டியைத் தாண்டினால் கடம்பூர், அங்கே போளி. வண்டி நுழையும்போதே "போளி, போளி" என்ற குரல் சன்னலுக்குள் வந்துவிடும்.

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே 2019-இல் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கிடைத்துவிட்டது. பண்டத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அதை நடைமேடையில் சுமந்து விற்று அந்தப் பெயரை ஊர் ஊராக அனுப்பியவருக்கு, அதே நடைமேடையில் நிற்பதற்கு எந்தக் குறியீடும் இல்லை.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், ரயிலில் வாங்கிய முறுக்கு அவ்வளவு சுவையா, அல்லது சின்ன வயதில் தின்றதால் அப்படித் தோன்றுகிறதா?
— வாசகர், சென்னை

பதில்: ஐந்து மணி நேரம் சன்னலோரம் காற்று வாங்கிய பிறகு தின்னும் எதுவும் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவரின் முறுக்கை நான் வீட்டுக்கு எடுத்துவந்து, மதியச் சாப்பாடு முடித்த கையோடு, வயிறு நிறைந்த நிலையிலும் தின்று பார்த்தேன். சுவை குறையவில்லை.

கேள்வி: நான் சுடும் முறுக்கு அன்று மொறுமொறுப்பாக இருக்கிறது, மறுநாள் நமத்துப் போகிறது. உங்கள் பெரியவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து, "சுடறது நான், கேக்கறது அவரையா?" என்றார். எனவே இந்தப் பதில் அந்த அம்மாளுடையது.

பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்கு முன் மாவாக அரைத்துக்கொள்கிறார். உளுந்தை வறுத்து அரைத்துச் சலித்துச் சேர்க்கிறார். உளுந்து கூடினால் முறுக்கு மென்மையாகும், குறைந்தால் பல்லை உடைக்கும் என்பதால் அதை மட்டும் கண்ணளவில் விடாமல் ஆழாக்கில் அளக்கிறார். ஓமம், சீரகம், எள், பெருங்காயம், உப்பு. வெண்ணெய் சேர்ப்பதில்லை, வெண்ணெய் சேர்த்தால் அன்று உடைந்து விழும் பதம் கிடைக்கும், ஆனால் கூடையில் குலுங்கும்போது பாதி தூளாகிவிடும் என்கிறார். பிழிந்ததை முதலில் பாதி வேக்காட்டில், நிறம் மாறத் தொடங்கும் முன்பே எடுத்து மூங்கில் தட்டில் ஆறவைக்கிறார். நன்றாக ஆறிய பிறகு, எண்ணெயை முன்னைவிடச் சூடாக்கி மறுபடியும் போட்டு எடுக்கிறார். மணப்பாறையில் செய்வதும் இந்த இரட்டைப் பொரிப்பைத்தான்.

இதன் காரணம் எளிது. முதல் முறை பொரியும்போது மேற்புறத்து ஈரம் போய்விடுகிறது. உள்ளே கொஞ்சம் தங்கிவிடுகிறது. ஆறும் நேரத்தில் அந்த ஈரம் உள்ளிருந்து மேற்புறத்துக்கு நகர்கிறது. இரண்டாம் முறை அதையும் எண்ணெய் விரட்டிவிடுகிறது. தாங்கள் ஒரே முறை பொரித்து எடுக்கும்போது, இரவில் டப்பாவுக்குள் நகரும் அந்த ஈரம்தான் மறுநாள் முறுக்கை நமக்கச் செய்கிறது. இன்னொன்றும் அந்த அம்மாள் சொன்னார்: சூடு முழுதும் ஆறாமல் டப்பாவை மூடுபவர் யாராயிருந்தாலும் அவருக்கு முறுக்கைப் பற்றிப் பேசத் தகுதியில்லை.

கேள்வி: முறுக்கைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார்கள். அரசு தடை செய்திருப்பதாகப் படித்தேன். இப்படிப்பட்டவர்களிடம் வாங்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தடை உண்மைதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் வெளியிட்ட பொதிவிதிகளின்படி, உணவை வைக்கவும் மடிக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் எண்ணெய்ப் பண்டத்தில் எளிதில் இறங்கும் என்பதே காரணம். நான் எடுத்துச் சொன்ன பிறகு பெரியவர் அச்சிடாத பழுப்புத் தாளுக்கு மாறினார். பொட்டலத்துக்கு ஐம்பது காசு கூடுதலாகிறது என்று ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எண்ணெய்க்கும் விதி உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து அதில் சேரும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. இந்த வரம்பும் 2018-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை அளக்கக் கருவி வேண்டும். கருவி இல்லாத நமக்கு மூக்கு இருக்கிறது: முறுக்கை உடைத்து முகர்ந்தால் ஓமமும் எள்ளும் மணக்க வேண்டும், காறிய எண்ணெயின் நெடி முந்திக்கொண்டு வந்தால் வைத்துவிடுங்கள்.

சிறு உணவு வணிகருக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். நிலையத்துக்கு வெளியே விற்பவர்கள் அந்தப் பதிவைப் பெறுவதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கேள்வியில் 'இப்படிப்பட்டவர்கள்' என்ற சொல் மட்டும் எனக்கு உறுத்தியது, அன்பரே. பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரம் எந்த எண்ணெயில் பொரிந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: நடைமேடை விற்பனை முன்பு போல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயணிகள் கூட்டம் பெருகியிருக்கும்போது விற்பனை ஏன் குறைய வேண்டும்?
— வாசகர், விருதுநகர்

பதில்: விற்பவருக்குக் கூட்டத்தைவிட வண்டி நிற்கும் நேரமே முக்கியம். பெரியவர் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பாதை ஒற்றைத் தடம். எதிர்வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி நிலையத்தில் காத்துக் கிடக்கும். அதைக் 'கிராஸிங்' என்பார்கள். அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தாலும், எதிர்வண்டி தாமதமானால் இருபது நிமிடம். பயணிகள் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் பெரியவரின் கூடை காலியாகும். இன்றைக்கு எந்த வண்டிக்கு எங்கே கிராஸிங் என்று நிலையத்துப் போர்ட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப எத்தனை பொட்டலம் கட்டுவது என்று முடிவு செய்வாராம். பாதை இரட்டைத் தடமானதும் கிராஸிங் போயிற்று. நாட்டுக்கு அது முன்னேற்றம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானும் அதே பாதையில் விரைவாகப் போய்வருபவன்தான்.

அடுத்தது சன்னல். குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடி திறக்காது. உள்ளிருப்பவர் கையைக் காட்டினாலும் கதவு வரை அவர் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். எனவே வண்டியின் முன்கோடியிலும் பின்கோடியிலும் இருக்கும் பொதுப்பெட்டிகளே அவருக்குச் சந்தையாக இருந்தன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு நிமிடத்தில் ஓடக் கடைசி ஆண்டுகளில் அவருடைய முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஏதாவது ஒரு கோடியைத் தேர்ந்தெடுத்து நின்றுகொள்வார். 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி திருச்சியை விட்டால் அடுத்து திண்டுக்கல்லில்தான் நிற்கிறது. அது கடந்து போகும்போது எழும் காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் கூடையின் மீது துண்டைப் போட்டுப் பிடித்துக்கொள்வதோடு அந்த வண்டிக்கும் அவருக்குமான உறவு முடிந்தது.

பெரிய அடி 2020-இல் விழுந்தது. அந்த மார்ச்சில் கொரோனாவால் பயணிகள் வண்டிகள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபோது, முன்பு 'பேசஞ்சர்' என்று அழைக்கப்பட்டவை விரைவுச் சிறப்பு வண்டி என்ற பெயரில் வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. அது மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது 2024 பிப்ரவரியில்தான். பக்கத்து ஊருக்கு 30 ரூபாய் கொடுத்துப் போக விரும்பாத கூலியாட்களும் பள்ளிப் பிள்ளைகளும் அந்த இடைவெளியில் பேருந்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள்தான் அவருடைய அன்றாட வாடிக்கை. கட்டணம் இறங்கிய பிறகும் எல்லாரும் திரும்பி வரவில்லை.

கேள்வி: ஓடும் வண்டிக்குப் பணம் எப்படி வாங்குகிறார்கள்? இப்போது எல்லாம் செல்பேசிப் பணம்தானே?
— மாணவி, கரூர்

பதில்: முன்பெல்லாம் பொட்டலம் முதலில் உள்ளே போகும், நாணயம் பிறகு வெளியே வரும், வண்டி நகர்ந்துவிட்டால் சன்னலிலிருந்து வீசுவார்கள், இவர் தண்டவாளத்தோரம் தேடி எடுப்பார். ஏமாற்றியவர்கள் சிலரே என்கிறார். செல்பேசிப் பணத்தில் வேறு சிக்கல்: குறியீட்டு அட்டையைப் படம் பிடித்து, தொகையை அடித்து, கடவு எண் போடுவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது, பணம் வந்ததா இல்லையா என்று சொல்லும் பெட்டியோ வீட்டில் மனைவியின் பக்கத்தில் இருக்கிறது. சில்லறையோடு பயணம் செய்வது நல்லது, அம்மா.

கேள்வி: பழைய காலத்தில் நிலையங்களில் சாதிவாரியாக உணவறை இருந்தது என்கிறார்கள். அப்படியானால் நடைமேடையில் விற்றவரிடம் எல்லாரும் வாங்கித் தின்றார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருந்தது. சென்னை மாகாணத்து ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்ற பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941-இல் அது நீக்கப்பட்டது. வடக்கே நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனிப் பானைகளே இருந்தன.

நடைமேடைக் கூடைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. ஒரே கூடையிலிருந்து எல்லாச் சன்னலுக்கும் போயிற்று. ஆனால் அதை வைத்து அங்கே சமத்துவம் நிலவியது என்று எழுதிவிடத் தோன்றவில்லை. யார் கைப்பண்டத்தை எல்லாரும் வாங்குவார்கள் என்ற கணக்கு அந்தக் காலத்து உணவுத் தொழில் முழுவதிலும் இருந்தது. பழைய உணவு விடுதிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இருந்ததற்கு அதுவே காரணம். நம் பெரியவர் அந்தப் பெயர்ப்பலகைகளில் இல்லாத சமூகத்தைச் சேர்ந்தவர். தொழிலுக்கு வந்த புதிதில், சன்னலிலிருந்து "யார் வீட்டு முறுக்கு?" என்று கேட்பவர்கள் இருந்தார்களாம். பண்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, "எங்க வீட்டு முறுக்குங்க" என்று பெருமையாகச் சொல்வாராம். கேட்டதன் பொருள் விளங்கச் சில மாதங்கள் ஆயிற்று என்றார். அதன் பிறகும் அதே பதிலைத்தான் சொன்னாராம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் அதிரசமும் முறுக்கும் செய்கிறோம். 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைக்குமா?
— குழுத் தலைவி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முயன்று பாருங்கள். 2022-ஆம் ஆண்டு மைய அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு மார்ச்சில் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் அது. அந்தந்தப் பகுதியின் கைவினைப் பொருள், துணி, தின்பண்டம் ஆகியவற்றை நிலையத்திலேயே சிறு கடை வைத்து விற்க, குறைந்த கட்டணத்தில், சுழற்சி முறையில் இடம் தருகிறார்கள். சுயஉதவிக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலைய மேலாளரிடமோ கோட்ட வணிகப் பிரிவிலோ கேட்டால் விண்ணப்பம் பற்றிச் சொல்வார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: முறை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே குழுவின் முழு வருமானத்தையும் அந்தக் கடையை நம்பி வைக்காதீர்கள். பெரியவருக்கும் இதைச் சொன்னேன். "கொஞ்ச நாளைக்கு உள்ள விட்டுட்டு அப்புறம் வெளிய போன்னா, நான் இப்பவே வெளியதானே இருக்கேன்" என்றார். அவருக்குப் பொருந்தாதது உங்களுக்குப் பொருந்தலாம். நீங்கள் பத்துப் பேர், அவர் ஒருவர்.

கேள்வி: சென்ற இதழில் 'இப்போது அவர் நடைமேடைக்குள் வருவதில்லை' என்று முடித்திருந்தீர்கள். அவருக்கு என்ன ஆயிற்று? உதவ விரும்புகிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பணம் அனுப்ப வேண்டாம் என்று அவரே சொல்லச் சொன்னார். கடைசி அபராதத்துக்குப் பிறகு அவருடைய மகன் பிடிவாதமாகக் கூடையை நிலையத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு எதிரே வைக்கச் செய்துவிட்டார். அந்த இடம் நகராட்சிச் சாலை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம். 40 ஆண்டுகளில் முதன்முறையாக 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காணக்கூடிய இடத்தில் நிற்கிறார். நகராட்சியின் கணக்கெடுப்பில் பெயர் சேர்த்தாயிற்று. அந்த அடையாளத்தைக் கொண்டு, தெருவோர வணிகர்களுக்காக 2020-இல் தொடங்கிய மைய அரசின் கடன் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்; முதல் தவணையாக அப்போது 10,000 ரூபாய் தந்தார்கள், 2025-இல் அதை 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். கடன் வேண்டாம், வயது 70 ஆகிறது என்று அவர் மறுத்துவிட்டார். மருமகள் பெயரில் எடுக்கலாமா என்று அந்த அம்மாள் தனியே என்னிடம் விசாரித்தார். மருமகளும் விற்பனையில் ஈடுபட்டு, அவர் பெயரும் கணக்கெடுப்பில் இருந்தால் முடியும் என்று சொல்லியிருக்கிறேன். மாநில அரசின் தெருவோர வணிகர் நல வாரியத்தில் உரிய காலத்தில் பதிந்திருந்தால் 60 வயதிலேயே ஓய்வூதியத்துக்குக் கேட்டிருக்கலாம். அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. உங்கள் ஊர் நிலையத்து வாசலில் இருப்பவருக்கு இன்னும் 60 ஆகவில்லை என்றால், நீங்கள் செய்ய விரும்பும் உதவியை அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதில் செய்யலாம்.

விற்பனை பாதியாகிவிட்டது என்கிறார். வாங்குபவர்களும் மாறிவிட்டார்கள்; முன்பு வண்டியில் போகிறவர்கள், இப்போது வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களும் ஆட்டோக்காரர்களும். சென்ற வாரம் நான் போயிருந்தபோது மாலை வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஒரு பொட்டலம் கேட்டேன். கூடையின் மூடி மீது கையை வைத்துக்கொண்டு, வண்டி வரட்டும் என்றார். முன்னாலேயே திறந்தால் நமத்துப் போகுமாம்.